தலைப்பகுதியில் ஒரு பெயர், பட்டறையில் வேறு பெயர்: எலெக்ட்ரிக் ஸ்டீல் கிட்டார் கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பாகம் பிரிக்கும்போது பீங்கான், பெல்ஜியம் கண்ணாடி, தேக்குப் பெட்டகம் ஆகியவற்றோடு எப்போதாவது ஸ்டீல் கிட்டார் என்றும் சொல்லப்படும் ஒரு ஹவாயன் கிட்டாரும் வெளியே வருவதுண்டு. ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் என்று கொண்டுவிற்கப் போனவர்களின் சாமான்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கலாம். பழம்பொருள் சேகரிக்கும் நம் வட்டாரத்து அன்பர்கள் சிலர் தங்களிடமும் தெரிந்த வீடுகளிலும் உள்ள ஸ்டீல் கிட்டார்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் தயாரிக்க முற்பட்டிருக்கிறார்கள். அது தொடர்பாக அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே உள்ளன.

கானாடுகாத்தான் அன்பர்: இரண்டாங்கட்டு அறையில் தகரப்பெட்டி ஒன்றில் கிட்டார் கிடைத்தது. அது ஸ்டீல் கிட்டார்தானா என்பதை எப்படி உறுதி செய்வது?

முதலில் கம்பிகளின் உயரத்தைப் பாருங்கள். மடியில் கிடத்தி இரும்புத் துண்டைக் கம்பிகள் மேல் வழுக்கி வாசிக்கும் வாத்தியம் என்பதால், கழுத்துப் பலகையிலிருந்து கம்பிகள் விரலால் அழுத்த முடியாத உயரத்தில் நிற்கும். சுரங்களின் இடத்தைக் காட்டும் ஃப்ரெட் கோடுகள் பெரும்பாலும் வெறும் வண்ணக்கோடுகளாகவோ பலகையோடு சமமாகப் பதித்தவையாகவோ இருக்கும். கழுத்தின் பின்புறமும் கைக்குள் அடங்குமாறு உருண்டிராமல் பெரும்பாலும் சதுரமாக இருக்கும். கம்பிகளுக்கு அடியிலோ கம்பிகளைச் சுற்றியோ காந்தமும் சுருளும் கொண்டு கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப் இருந்தால் அது எலெக்ட்ரிக். நம் நாட்டில் சாதாரண கிட்டாரின் கழுத்து முனையில் கம்பிகளைத் தாங்கும் நட் மேல் ஒரு உலோகத் துண்டை ஏற்றி, பிக்கப் ஒன்றைத் திருகி, ஹவாயன் கிட்டாராக மாற்றிக்கொண்டவர்கள் பலர். அவற்றைத் தள்ள வேண்டாம். ‘மாற்றியமைத்தது’ என்று தனிப் பிரிவில் சேருங்கள்.

தேவகோட்டை அன்பர்: இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கில் பெயர்கள் வருகின்றன. இத்தனை தயாரிப்பாளர்கள் உண்மையிலேயே இருந்தார்களா?

இல்லை ஐயா. பெயர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு, பட்டறைகள் அவ்வளவு இல்லை. இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் பட்டியலின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவில் ஹவாய் இசை மோகம் பரவியது. கூட்டத்தில் கிட்டாரின் ஒலி எடுபடாத குறையைப் போக்க முதலில் நேஷனல், டோப்ரோ நிறுவனங்கள் ஒலியைப் பெருக்கும் உலோகக் கூம்பான ரெசனேட்டர் வைத்துப் பார்த்தன. பிறகு ஜார்ஜ் பொஷாம்ப் 1931-இல் காந்தப் பிக்கப் ஒன்றை உருவாக்க, அடால்ஃப் ரிக்கன்பேக்கர் முதலியோருடன் சேர்ந்து 1932-இல் ரோ-பாட்-இன் என்ற நிறுவனத்தின் வழியே வார்ப்பு அலுமினிய ஸ்டீல் கிட்டார் விற்பனைக்கு வந்தது. வட்ட உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்கு ‘வாணலி’ என்றே பட்டப்பெயர். 1934-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். கிடைத்ததோ 1937 ஆகஸ்டில். இடைப்பட்ட காலத்தில் கிப்சன், எபிஃபோன், நேஷனல் எனப் பலரும் தங்கள் தங்கள் எலெக்ட்ரிக் கிட்டாரோடு சந்தைக்கு வந்துவிட்டார்கள். பெயர்கள் பெருக முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் வியாபார முறை. மான்ட்கோமரி வார்ட், சியர்ஸ் போன்ற தபால் வழி விற்பனை நிறுவனங்கள் பெரிய தொழிற்சாலைகளிடம் மொத்தமாகச் செய்யச் சொல்லித் தங்கள் பெயரைப் பொறித்து விற்றன. வார்டின் ‘ரெக்கார்டிங் கிங்’ கருவிகள் பலவற்றைச் செய்தது கிப்சன். அந்த கிப்சனே தான் இருந்த மிச்சிகன் மாநில ஊரின் பெயரான ‘கலமசூ’ என்பதை மலிவு வரிசைக்கு வைத்துக்கொண்டது. இசைப் பள்ளிகளும் இதில் உண்டு. ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் இருந்த ‘ஓஆஹு’ நிறுவனம் பாடப்புத்தகத்தையும் கிட்டாரையும் சேர்த்தே மாணவர்களுக்கு விற்றது. கிட்டார்களை வால்கோ, கே போன்ற தொழிற்சாலைகளிடம் செய்து வாங்கிக்கொண்டது.

நம் வீட்டுப் பித்தளை அண்டாவின் கழுத்தில் வெட்டியிருப்பது வீட்டுக்காரரின் விலாசமே தவிர, வார்த்த கன்னானின் பெயர் அல்ல. கிட்டாரின் தலைப்பகுதியில் உள்ள பெயரையும் அப்படித்தான் கொள்ள வேண்டும். ஆகவே பட்டியலில் ‘பொறித்த பெயர்’, ‘செய்தவர்’, ‘விற்றவர்’ என்று மூன்று பத்திகள் வையுங்கள். மூன்றிலும் ஒரே பெயர் வந்தால் வரட்டும். ஒரே பத்தியில் மூன்றையும் அடைத்த பட்டியல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

காரைக்குடி, முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்காரர்: ‘சில்வர்டோன்’ என்று போட்டிருக்கிறது. செய்தவர் யார் என்று எழுதுவது?

சில்வர்டோன் என்பது சியர்ஸ் நிறுவனத்தின் விற்பனைப் பெயர். ஹார்மனி, கே, டான்எலெக்ட்ரோ ஆகிய நிறுவனங்கள் அந்தப் பெயரில் கிட்டார்கள் செய்து கொடுத்திருக்கின்றன. ஆகவே பெயரை வைத்துச் செய்தவரைச் சொல்ல முடியாது அண்ணே. டியூனிங் சாவிகளின் அமைப்பு, பிக்கப் மூடியின் வடிவம், பின்பலகைத் திருகுகளின் இடம் ஆகியவற்றை அதே காலத்து ஹார்மனி, கே மாடல்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருத்தம் இருந்தால் ‘செய்தவர்’ பத்தியில் பெயரை எழுதிப் பக்கத்தில் ‘ஊகம்’ என்று குறியுங்கள். இல்லையென்றால் வெற்றாக விடுங்கள். சியர்ஸ் 1940-ஐ ஒட்டிய காலம் வரை தன் இசைக்கருவிகளுக்கு ‘சூப்பர்டோன்’ என்ற பெயரைப் பயன்படுத்தி, பிறகே சில்வர்டோனுக்கு மாறியது என்பது காலத்தைக் கணிக்க உதவும்.

கோட்டையூர் அன்பர்: சுப்ரோ, நேஷனல், ஏர்லைன் மூன்றும் ஒரே கம்பெனி என்கிறார்களே?

பெரும்பாலும் சரி. நேஷனலும் டோப்ரோவும் முப்பதுகளின் நடுவில் இணைந்து சிகாகோவுக்கு இடம் மாறின. 1940-களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் விக்டர் ஸ்மித், அல் ஃப்ராஸ்ட், லூயி டோபியரா ஆகிய பங்காளிகளின் முதலெழுத்துக்களைச் சேர்த்து வால்கோ ஆனது. நேஷனல் அதன் உயர்ந்த வரிசை, சுப்ரோ மலிவு வரிசை. ஏர்லைன் மான்ட்கோமரி வார்டின் பெயர். வால்கோ மட்டுமன்றி ஹார்மனியும் கேயும்கூட அந்தப் பெயரில் செய்து கொடுத்தார்கள் என்பதால் அங்கே கவனம் தேவை. வால்கோ 1967-இல் கேயோடு சேர்ந்து, அடுத்த ஆண்டே இரண்டுமாக மூடப்பட்டன.

பள்ளத்தூர் அன்பர்: எங்களிடம் உள்ளதில் பெயரே இல்லை, எப்போதோ சுரண்டிவிட்டார்கள். காலத்தையாவது கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. பின்பலகையையோ கட்டுப்பாட்டுத் தட்டையோ கழற்றி, ரேடியோ மெக்கானிக்குகள் வால்யூம் கன்ட்ரோல் என்று சொல்லும் பாகத்தின் முதுகைப் பாருங்கள். அமெரிக்கக் கருவியாக இருந்தால் அங்கே ஆறு அல்லது ஏழு இலக்க எண் அடித்திருக்கக்கூடும். முதல் மூன்று இலக்கங்கள் அந்தப் பாகத்தைச் செய்த நிறுவனத்தைக் குறிக்கும்: 137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல், 134 என்றால் சென்ட்ராலாப். கடைசி இரண்டு இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பதைச் சொல்லும். நடுவில் இருப்பது ஆண்டு. 1376633 என்று இருந்தால் சி.டி.எஸ். நிறுவனம் 1966-ஆம் ஆண்டின் 33-ஆவது வாரத்தில் செய்த பாகம். 304827 என்று ஆறு இலக்கம் மட்டும் இருந்தால் ஆண்டுக்கு ஒற்றை இலக்கமே உள்ளது. அது 1948 ஆகவும் இருக்கலாம், 1958 ஆகவும் இருக்கலாம். எது என்பதைப் பிக்கப், டியூனிங் சாவி, உடல் வடிவம் ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். பாகம் செய்யப்பட்ட பிறகுதான் கிட்டார் கோக்கப்பட்டிருக்கும் என்பதால் இந்த எண் கிட்டாரின் வயதுக்கு முன்வரம்பு மட்டுமே. தொழிற்சாலை அலமாரியில் அந்தப் பாகம் ஓரிரு ஆண்டு கிடந்திருக்கலாம். மேலும், பிற்காலத்தில் யாராவது பாகத்தை மாற்றியிருந்தால் கணக்கே தவறிவிடும். பற்றவைத்த ஈயம் பழைய மங்கலோடு இருக்கிறதா, புதிதாகப் பளபளக்கிறதா என்று ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பெயர் இல்லாத கருவியை ‘பெயர் இல்லை’ என்று எழுதுவதைவிட, சுரண்டிய தடம் இருந்தால் ‘பெயர் அழிக்கப்பட்டது’ என்று எழுதுவது நல்லது. இரண்டும் வேறு வேறு செய்தி.

தேவகோட்டையிலிருந்து இன்னொருவர்: ரிக்கன்பேக்கர் கிட்டார் என்று சொல்லி ஒருவர் ஒன்றை விற்க வந்தார். உடல் கறுப்பாக, கனமாக இருந்தது. அலுமினியம் இல்லையே, போலியா?

அவசரப்பட்டுப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். அலுமினியம் வெயிலிலும் விளக்கு வெப்பத்திலும் விரிந்து சுருதி நகர்ந்துவிடுகிறது என்ற குறையினால், ‘வாணலி’யைச் செய்த அதே நிறுவனம் 1935-இல் பேக்லைட் என்னும் பழைய வகை பிளாஸ்டிக்கில் ‘மாடல் பி’ என்ற கறுப்பு ஸ்டீல் கிட்டாரை வெளியிட்டது. கழுத்தும் உடலும் தனித்தனியாக வார்த்துத் திருகாணியால் பிணைத்தவை. இன்றைக்கும் வாசிப்பவர்கள் அதன் ஒலியைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். என் காதுக்கும் அதற்கு நிகர் வேறில்லை.

பிக்கப்பைப் பாருங்கள். குதிரை லாட வடிவக் காந்தங்கள் இரண்டு எதிரெதிராகச் சேர்ந்து ஒரு சிறு குகைபோல நிற்க, அதற்குள்ளே கம்பிகள் நுழைந்து போகும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய காந்தம் ஒன்றரை அங்குல அகலம். பிந்தையது ஒன்றேகால் அங்குலம். ஓர் அளவுகோல் போதும், காலப்பகுதி பிடிபட்டுவிடும். அடுத்து தலைப்பகுதிப் பெயர்த்தகடு. மிகத் தொடக்கக் காலக் கருவிகளில் ‘எலெக்ட்ரோ’ என்று மட்டும் இருக்கும். பிறகு வந்தவற்றில், ஏறத்தாழ 1950 வரை, நிறுவனர் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இரண்டாவது ‘கே’ இருக்க வேண்டிய இடத்தில் ‘எச்’ இருக்கும். அதைப் பார்த்து அச்சுப்பிழை என்று பட்டியலில் திருத்தி எழுதிவிட்டால் நல்லதொரு சான்றை நாமே அழித்ததாக ஆகும். தகட்டில் இருப்பதை இருக்கிறபடியே எழுதுங்கள்.

மறைவான ஓர் ஓரத்தைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் பேக்லைட் கார்பாலிக் நெடி தரும். முத்துப்போல மினுங்கும் செல்லுலாய்டு ஒட்டிய மேக்னடோன், சுப்ரோ வகைகளைத் தேய்த்தால் கற்பூர வாசனை வரும். செல்லுலாய்டில் கற்பூரம் சேர்க்கப்படுகிறது. அது எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் சோதனையைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

புதுவயல் அன்பர்: பினாங்கிலிருந்து வந்த கிட்டாரில் ‘குயாடோன்’ என்று இருக்கிறது. இது எந்த நாடு?

ஜப்பான். அட்சுவோ கானெகோ, மிட்சுவோ மட்சுகி இருவரும் 1933-இல் தொடங்கியது. அதே கானெகோ 1946-இல் டெய்ஸ்கோ நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதால், இரண்டு பெயர்களின் தொடக்கக் காலக் கருவிகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது பயன் தரும். அமெரிக்க எண்முறையை இவற்றின் பாகங்களில் தேடாதீர்கள்.

காரைக்குடிக் கல்லூரி மாணவர்: ஐயா, ஃபெண்டரும் பெடல் ஸ்டீலும் இந்தப் பட்டியலில் வருமா?

வரும் தம்பி. லியோ ஃபெண்டர் முதலில் செய்து விற்றதே ஸ்டீல் கிட்டார்தான். 1945-இல் டாக் காஃப்மனோடு சேர்ந்து ‘கே அண்ட் எஃப்’ என்ற பெயரில் தொடங்கி, 1946-இல் தனி நிறுவனம் கண்டார். 1953-இல் வந்த ஸ்ட்ரிங்மாஸ்டர் பல கழுத்துக்கள் கொண்டு கால்களின் மேல் நிற்பது. கம்பி நீளம் 22½, 24½, 26 அங்குலம் என வேறுபடும் என்பதால் அளந்து எழுதுவது கட்டாயம். நட் தொடங்கி, உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாலம் வரை அளக்க வேண்டும், உடல் நீளம் அல்ல.

காலால் மிதித்துக் கம்பிகளின் சுருதியை மாற்றும் பெடல் ஸ்டீலில் பெயர்கள் குறைவு. செய்தவரே தம் பெயரில் விற்பது வழக்கம். கிப்சனின் எலெக்ட்ராஹார்ப், கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி ஒவ்வொன்றாகக் கையால் செய்தவை, நாஷ்வில்லில் ஷாட் ஜாக்சனும் பட்டி எமன்சும் தொடங்கிய ஷோ-பட், பிறகு எமன்ஸ் தன் பெயரிலேயே கண்ட நிறுவனம் ஆகியவை முக்கியமானவை. இவற்றுக்கு எந்தப் பெடல் எந்தக் கம்பியை எவ்வளவு ஏற்றி இறக்குகிறது என்பதற்கு ஒரு பத்தி கூடுதலாக வேண்டும். அது இல்லாத பதிவு அரைப் பதிவுதான்.

ஆத்தங்குடியிலிருந்து ஓர் ஆச்சி: உலோகப் பகுதியெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. புளி போட்டுத் துலக்கிவிட்டுப் படம் எடுத்து அனுப்பலாமா?

வேண்டாம் ஆச்சி. பித்தளைக்குப் புளி சரி. குரோம் பூச்சுக்கும் அலுமினியத்துக்கும் அது ஆகாது. ஈரம் பிக்கப் சுருளுக்குள் போனால் கம்பி அரித்துப் போகும். உலர்ந்த மல் துணியால் தூசியைத் துடைத்துவிட்டு இருக்கிற நிலையிலேயே படம் எடுத்து அனுப்புங்கள். பெட்டிக்குள் ரசீது, பழைய கம்பிச் சுருள், பாடப்புத்தகம் எது கிடந்தாலும் எறியாமல் அதையும் படம் எடுங்கள். விற்ற கடையின் சீட்டு ஒன்று பெட்டியின் உட்புறம் ஒட்டியிருந்தால் ‘விற்றவர்’ பத்தி அங்கேயே நிரம்பிவிடும்.

கானாடுகாத்தான் அன்பர் மீண்டும்: கூடவே ஒலியைப் பெருக்கும் ஒரு ஆம்பும் இருக்கிறது. போட்டுப் பார்க்கலாமா?

நேரடியாகப் போடவே போடாதீர்கள். அமெரிக்க ஆம்புகள் 110 முதல் 117 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230 வோல்ட்டில் செருகினால் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். வால்வு ரேடியோ தெரிந்த மெக்கானிக் ஒருவர் பழைய கபாசிட்டர்களைச் சோதித்த பிறகு, ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்தே இயக்க வேண்டும். கிட்டாருக்குத் தனியாக மின்சாரம் தேவையில்லை என்பதால் அதை வேறு நல்ல ஆம்பில் செருகிப் பார்க்கலாம். பட்டியலில் ஆம்புக்குத் தனி எண் கொடுத்து, கிட்டாரின் எண்ணை அதில் குறியுங்கள். கிப்சன் ஈஎச்-150 போன்றவை கிட்டாரும் ஆம்பும் ஒரு செட்டாகவே விற்கப்பட்டவை. பிரித்து விற்றுவிட்டால் மறுபடி சேர்ப்பது அரிது.

பள்ளத்தூர் அன்பர் மீண்டும்: நோட்டில் எழுதுவதா, கணினியிலா? பெயர்களைத் தமிழில் எழுதினால் ஆளுக்கொரு விதமாக வருகிறதே?

எதில் எழுதினாலும் சரி; கருவிக்கு ஓர் எண், அந்த எண்ணை எழுதிய அட்டையை நூலால் கழுத்தில் கட்டுவது, இரண்டும் தவறக்கூடாது. கருவியின் மேல் பேனாவால் எழுதவோ ஸ்டிக்கர் ஒட்டவோ வேண்டாம். பொறித்த பெயருக்குத் தலைப்பகுதியின் படமே சான்று. தமிழில் எழுதும் வடிவத்தை முதல் பதிவில் எப்படி எழுதினீர்களோ அப்படியே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். ‘செய்தவர்’ பத்தியில் நிரப்பும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஆதாரம் என்ன என்பதைச் சில சொற்களில் எழுதுங்கள்: ‘எண் தகடு’, ‘வால்யூம் கன்ட்ரோல் எண்’, ‘பிக்கப் ஒப்பீடு’, ‘வீட்டார் சொன்னது’. இவற்றில் கடைசி மட்டுமே ஆதாரமாக இருந்தால் அந்தப் பெயரைப் பென்சிலில் எழுதுங்கள். கணினி என்றால் சாய்வெழுத்தில்.