கலர் கிரேடிங் கணினி: எந்த கார்டு, எவ்வளவு மெமரி?

டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ மென்பொருளில் கிரேடிங், அதாவது படத்தின் நிறத்தைச் சீராக்கும் வேலை, செய்ய கணினி வாங்கப் போகிறவர்களும், வாங்கிவிட்டு முழிக்கிறவர்களும் கேட்ட கேள்விகள் இவை. விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது என்பதால் ரூபாய்க் கணக்குக்குள் நான் போகவில்லை.

கேள்வி: என்னிடம் 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம் இருக்கிறது. 4கே டைம்லைனில் படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டதும் "ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது" என்று ரிசால்வ் சொல்கிறது. ரேமை 64 ஜிபி ஆக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்தச் செய்தி மதர்போர்டில் செருகும் ரேமைப் பற்றியது இல்லை. கார்டோடு சேர்ந்தே வரும் மெமரி, அதாவது விரேம், தீர்ந்துவிட்டது என்கிறது. அதை மட்டும் தனியாகக் கூட்ட வழியில்லை.

ஏன் தீர்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ரிசால்வ் ஒவ்வொரு பிக்சலையும் 32 பிட் துல்லியத்தில் கணக்கிடுகிறது. 4கே, அதாவது 3840 × 2160 என்றால் சுமார் 83 லட்சம் பிக்சல். பிக்சலுக்கு நான்கு சேனல், சேனலுக்கு 4 பைட். ஆக, ஒரே ஒரு ஃப்ரேம் கிட்டத்தட்ட 133 எம்பி. கேமரா ஃபைல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கார்டுக்குள் போனதும் இந்த அளவுக்கு விரிந்துவிடும். அதிலும் ஒரு ஃப்ரேமோடு வேலை முடிவதில்லை. நோடு எனப்படும் கிரேடிங் படிகளுக்கு இடையே கிடைக்கும் படங்களுக்கு இடம் வேண்டும். டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் பக்கத்து ஃப்ரேம்களையும் இழுத்து வைத்துக்கொள்ளும். ஆளைத் தானாகப் பிரித்தெடுக்கும் மேஜிக் மாஸ்க் போட்டால் அதற்கும் தனி இடம். விண்டோஸும் நீங்கள் திறந்து வைத்திருக்கும் குரோமும் அதே 8 ஜிபியில்தான் பங்கு கேட்கும்.

கார்டை மாற்றும் வரை ஒரு வழி: கிரேடு செய்யும்போது டைம்லைனை 1080-ல் வையுங்கள். ஒரு ஃப்ரேமின் சுமை நான்கில் ஒன்றாகிவிடும். ரெண்டருக்கு முன் 4கே-வுக்கு மாற்றுங்கள், படத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்த வரைந்த பவர் விண்டோக்களும் சேர்ந்தே பெரிதாகும். அப்போது திரும்பவும் அடம்பிடித்தால், அடம்பிடிக்கும் கிளிப்களுக்கு நாய்ஸ் ரிடக்‌ஷன் மட்டும் போட்டு டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் என்ற எடிட்டிங் ஃபார்மட்டில் தனியாக வெளியே எடுங்கள். அந்த ஃபைலையே சோர்ஸாக வைத்து மீதி கிரேடைச் செய்யலாம். சலிப்பான வேலைதான், ஆனால் டெலிவரி தேதிக்கு முடியும்.

கேள்வி: அண்ணா, நான் காலேஜ் படிக்கிறேன். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி இரண்டும் என் பட்ஜெட்டுக்குள் வருகின்றன. கடைக்காரர் புதுசை எடுக்கச் சொல்கிறார்.

பதில்: கேம் ஆடத்தான் என்றால் அவர் சொல்வது சரி தம்பி. கிரேடிங்குக்கு 3060 எடுங்கள். 4 ஜிபி கூடுதல் என்பது ஒன்று. மெமரி வேகமும் பழையதில்தான் அதிகம், நொடிக்கு 360 ஜிபி. 4060-ல் 272 ஜிபிதான். கார்டு மெதுவாக இருந்தால் ரெண்டருக்குக் கூடுதல் நேரம் ஆகும், அந்த நேரத்தில் டீ குடித்துவிட்டு வரலாம். மெமரி போதவில்லை என்றால் ரெண்டரே நடக்காது.

ஒரு எச்சரிக்கை. 3060-லேயே 8 ஜிபி வகை ஒன்றும் வந்தது. பெயர் அதேதான், ஆனால் மெமரி பாதை 192 பிட்டுக்குப் பதில் 128 பிட். பெட்டியில் 12 ஜிபி என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கிறேன். சோனி கேமராவில் 4கே, 10 பிட், 4:2:2. கார்டு ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ. ஒரு கிரேடும் போடாமலேயே டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. இதைவிடப் பெரிய கார்டு வாங்க வேண்டுமா?

பதில்: வாங்காதீர்கள் சார். 4090 வாங்கினாலும் இதே கதைதான். எனக்கு வரும் கேள்விகளில் அதிகமானவை இந்த ரகம், அதிகப் பணம் வீணாவதும் இங்கேதான்.

உங்கள் கார்டு கிரேடிங்கில் திணறவில்லை. ஃபைலைப் பிரித்துப் படிக்கும் இடத்தில், அதாவது டிகோடிங்கில்தான் சிக்கல். என்விடியா கார்டுகளில் டிகோடிங்குக்கென்று தனிப் பகுதி உண்டு. ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரை அதற்கு 4:2:2, அதாவது நிற விவரத்தைக் கூடுதலாக வைக்கும் பதிவு முறை, தெரியாது. முழுச் சுமையும் பிராசசர் தலையில் விழுகிறது. ப்ளே செய்யும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கார்டின் டிகோட் வரைபடம் தரையோடு படுத்திருக்கும், பிராசசர் மட்டும் எகிறும்.

தீர்வு மூன்று விதம். ஒன்று, இன்டெல் 12-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர். அதற்குள் இருக்கும் குட்டி கிராஃபிக்ஸ் ஹெச்.265 என்ற வீடியோ சுருக்க முறையின் 10 பிட் 4:2:2-வை அநாயாசமாகப் படிக்கும். ஆனால் பெயர் "எஃப்" எழுத்தில் முடியும் பிராசசர்களில் அந்தக் குட்டி கிராஃபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் மலிவு என்று பலர் அதைத்தான் வாங்கி வருகிறார்கள்! கேமராவில் எக்ஸ்ஏவிசி எஸ் வைத்தால் 4கே-வில் ஹெச்.264 பதிவாகும், அதன் 4:2:2 இந்த வழியில் பெரும்பாலும் நடக்காது. எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ் வைத்துப் படம்பிடியுங்கள். இரண்டு, ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டு. ஹெச்.264, ஹெச்.265 இரண்டின் 4:2:2-வையும் அதுவே படிக்கும். ரிசால்வின் காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பு இருந்தால்தான் இவற்றின் முழுப் பலன் கிடைக்கும்.

மூன்றாவதற்குச் செலவே இல்லை. ராத்திரி ப்ராக்ஸி (எடிட்டுக்கான சின்ன நகல் ஃபைல்) போட விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள்.

கேள்வி: சாதாரண ரேம் எவ்வளவு வேண்டும்? இப்போது 16 ஜிபி குச்சி இரண்டு இருக்கிறது, இன்னும் இரண்டு சேர்க்கலாமா?

பதில்: வெறும் எடிட்டிங்கும் கிரேடிங்கும் என்றால் 32 ஜிபி ஓடும். ரிசால்வின் ஃப்யூஷன் (விஷுவல் எஃபெக்ட்ஸ்) பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு 64 வேண்டும், ஏனென்றால் அது முன்னோட்ட ஃப்ரேம்களை ரேமில்தான் அடுக்கிவைக்கும். 128 ஜிபி பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை.

நான்கு குச்சி போடுவது டிடிஆர்5-ல் சிக்கல். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு குச்சியில் 5200, நான்கு போட்டால் 3600. பழைய இரண்டை விற்றுவிட்டு 32 ஜிபி குச்சி இரண்டு வாங்குங்கள். ரேமின் வேகத்தை ஏற்றுவதால் கிரேடிங்கில் பெரிய மாற்றம் தெரியாது. விளக்கு எரியும் ரேமுக்குக் கூடுதல் காசு கொடுப்பது உங்கள் விருப்பம்.

கேள்வி: 12 ஜிபி கார்டு இரண்டு போட்டால் 24 ஜிபி ஆகுமா?

பதில்: ஆகாது. ஒவ்வொரு கார்டும் தன் ஃப்ரேமைத் தன் மெமரியில்தான் வைத்துக்கொள்ளும். வேகம் கூடும், கொள்ளளவு 12-தான். விண்டோஸில் இரண்டு கார்டையும் பயன்படுத்த ஸ்டூடியோ பதிப்பும் வேண்டும்.

கேள்வி: பழைய ஆர்டிஎக்ஸ் 3090 வாங்கலாமா? கிரிப்டோ மைனிங்கில் ஓடியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: 24 ஜிபி வேண்டும், கையில் காசு குறைவு என்றால் நல்ல தேர்வு. பயமும் நியாயமானதுதான். 3090-ல் மெமரி சில்லுகளில் பாதி கார்டின் முதுகுப்புறம் இருக்கின்றன, ஃபேன் காற்று அங்கே சரியாகப் போகாது. வாங்கும் இடத்திலேயே கனமான ரெண்டர் ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் மெமரி ஜங்ஷன் வெப்பத்தைப் பாருங்கள். 110 டிகிரியைத் தொட்டால் கார்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில்லின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் மாற்றினால் இறங்கும், அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், இது 350 வாட் கார்டு. 750 வாட்டுக்குக் குறைந்த பவர் சப்ளையில் மாட்டாதீர்கள்.

கேள்வி: மேக் ஸ்டூடியோ வாங்கினால் இந்தத் தலைவலி எல்லாம் இல்லையாமே?

பதில்: பாதித் தலைவலி இல்லை. ஆப்பிளின் ப்ரோரெஸ் ஃபார்மட், ஹெச்.265 எல்லாம் சுகமாக ஓடும். பிராசசரும் கிராஃபிக்ஸும் ஒரே மெமரியைப் பகிர்வதால் 64 ஜிபி மேக்கில் கிராஃபிக்ஸுக்குத் தாராளமாக இடம் கிடைக்கும். ஆனால் வாங்கும் அன்று தேர்ந்தெடுத்ததுதான், பிறகு கூட்ட முடியாது. கனமான நாய்ஸ் ரிடக்‌ஷனில் 4090 மாதிரியான கார்டு முந்தும்.

கேள்வி: 10 பிட் நிறம் பார்க்க குவாட்ரோ மாதிரி தொழில்முறை கார்டுதான் வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: ஒரு காலத்தில் உண்மை. 2019-ல் என்விடியா தன் ஸ்டூடியோ டிரைவர் வழியாக ஜிஃபோர்ஸ் எனும் சாதாரண கார்டுகளுக்கும் 30 பிட் நிறத்தை (மூன்று நிறத்துக்கும் தலா 10 பிட்) திறந்துவிட்டது. இப்போது தொழில்முறை கார்டுகளை வாங்கக் காரணம் வேறு. 48 ஜிபி மாதிரி பெரிய மெமரி வேண்டும், அல்லது ஒரே பெட்டிக்குள் பல கார்டுகளை அடுக்க வேண்டும் என்றால் வாங்கலாம்.

நிறத்தை நம்பிப் பார்க்க எந்த கார்டின் ஹெச்டிஎம்ஐயும் உதவாது. நடுவில் விண்டோஸும் டிரைவரும் கைவைக்கும். டெக்லிங்க் மினி மானிட்டர் மாதிரி தனி அவுட்புட் கார்டு போட்டு, அதிலிருந்து அளவீடு செய்த மானிட்டருக்கு நேராக எடுங்கள். கார்டு வாங்கும்போதே இதையும் யோசிக்க வேண்டும். இன்றைய பெரிய கார்டுகள் மூன்று ஸ்லாட், அதற்கும் மேல் தடிமன். டெக்லிங்கைச் செருக வேண்டிய ஸ்லாட்டையே மூடிவிடும். மதர்போர்டின் படத்தை எடுத்து வைத்து, பெரிய கார்டு மூடும் இடம் போக மீதி என்ன ஸ்லாட் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.