சர்க்கரை நோய் உள்ள அம்மாவை ஊட்டிக் குளிருக்கு அழைத்துப் போகிறேன். என்னென்ன கவனிக்க வேண்டும்?

டிசம்பரில் மாற்றலாகி வருவதாகவும், அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை, இரவில் இன்சுலின் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவன் இல்லை. என் அப்பாவுக்கும் இதே கதைதான், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நாங்கள் இருப்பது ஊட்டி காந்தலில். ஜனவரி விடியற்காலையில் உறைபனி விழுந்து வாசல் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும்.

சுகர் எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட எனக்கு முதல் பயம் பாதம்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ராத்திரி, அப்பா வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். காலையில் சாக்ஸ் ஈரமாக இருந்தது. கழற்றிப் பார்த்தால் குதிகாலில் பெரிய கொப்புளம் உடைந்திருந்தது. "சூடே தெரியலையேடா" என்றார். பல வருடச் சர்க்கரையில் கால் நரம்பு மரத்துப்போயிருந்தது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் புண் ஆற இரண்டரை மாதம் ஆனது. இப்போது பையைப் போர்வைக்குள் வைத்துப் படுக்கையைச் சூடாக்குவோம், அவர் படுக்கும் முன் எடுத்துவிடுவோம். ஹீட்டர், கரி அடுப்பு எதற்கும் காலை நீட்ட விடுவதில்லை. (மூடிய அறைக்குள் கரி அடுப்பு யாருக்குமே ஆகாது, மூச்சடைத்து உயிரே போய்விடும்.) தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பார்த்துவிட்டு, வெடிப்பு வராமலிருக்கக் குதிகாலில் தேங்காய் எண்ணெய் தடவுவோம். விரலிடுக்கில் மட்டும் தடவக் கூடாது, ஈரம் தங்கிப் புண்ணாகிவிடும்.

அடுத்தது நடுக்கம். ஒருநாள் விடிகாலை அப்பா நடுங்கிக்கொண்டிருந்தார். குளிர்தான் என்று நினைத்து என் அம்மா இன்னொரு கம்பளியைப் போர்த்திவிட்டு டீ போடப் போய்விட்டார். தற்செயலாகக் கழுத்தைத் தொட்டேன், சில்லென்று வியர்த்திருந்தது. குளிரில் நடுங்குகிறவருக்கு எதற்கு வியர்க்க வேண்டும்? சுகர் பார்க்கும் மெஷினில் பார்த்தால் வெறும் 58. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்த பிறகுதான் உயிர் வந்தது. ஊட்டியில் லோ சுகர் குளிர் வேஷம் போட்டுக்கொண்டு வரும். நடுங்கினால் ஊகிக்க வேண்டாம், விரலைக் குத்திப் பார்த்துவிடுங்கள்.

அந்த மெஷினுக்கும் குளிர் ஆகாது. பல மெஷின்கள் சுமார் 10 டிகிரிக்குக் கீழே எரர் காட்டும், அல்லது தப்பாகக் காட்டும். ஜன்னலோரம் வைக்காமல் படுக்கையறை அலமாரிக்குள் வையுங்கள். விறைத்த விரலில் ரத்தமும் லேசில் வராது. பிதுக்காமல், வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

இன்சுலினைப் பொறுத்தவரை, "ஊட்டியே ஒரு ஃபிரிட்ஜ்தானே" என்று சிரிப்பார்கள். உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் பேனா ஊசி அறையிலேயே இருக்கலாம். பிரிக்காததை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரீசரிலிருந்து தள்ளி வையுங்கள். ஒருமுறை உறைந்துவிட்டால் உருகினாலும் குப்பைதான். ஊசி போட்ட இடத்தில் ஒத்தடமோ, ஊசி போட்டவுடனே வெந்நீர்க் குளியலோ வேண்டாம். மருந்து சீக்கிரம் உறிஞ்சப்பட்டு சுகர் இறங்கிவிடும்.

குளிரில் சுகர் ஏறுவதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. நடை நின்றுபோகும், டீ கூடும், டீக்கு வர்க்கி கூடும். வர்க்கி என்றால் மைதாவும் கொழுப்பும் சர்க்கரையும்தான். அப்பாவுக்கு ஞாயிறன்று ஒன்று என்று பேரம் பேசி வைத்திருக்கிறோம், திருட்டுத்தனமாக இன்னொன்று போவது எனக்குத் தெரியும். நடையை விடியலில் வைக்காமல் பத்து மணி வெயிலுக்கு மாற்றினோம். தண்ணீரையும் கவனியுங்கள். குளிரில் தாகம் தெரியாது, போதாக்குறைக்கு ராத்திரி எழுந்து போகச் சோம்பல்பட்டுக் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள்.

கிளம்பும் முன் உங்கள் அம்மாவின் மருத்துவரிடம் ஃப்ளூ தடுப்பூசி பற்றியும், காய்ச்சல் வந்தால் மாத்திரை, இன்சுலினை என்ன செய்வது என்பது பற்றியும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சாப்பிடவில்லையே என்று நீங்களாக இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், வீட்டுக்குள் போட ஒரு ஜோடி மெத்தென்ற செருப்பு. இங்கே சிமெண்ட் தரை ஐஸ் மாதிரி இருக்கும். வீட்டுக்குள் செருப்பா என்று உங்கள் அம்மா முகம் சுளிப்பார். அப்பாவும் ஒரு வாரம் சுளித்தார்.