பிளக்கை நீங்களே மாற்றுங்கள், ஆனால் அதற்கு முன்னால் அந்த கார்டு

கரூரிலிருந்து வந்த கடிதம், கொஞ்சம் சுருக்கி:

"சார், ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கையில் வருவது 46,000. என் வண்டி 2011 சான்ட்ரோ ஜிங், 1,46,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஒரு மாதமாகப் பாலம் ஏறும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது, சிக்னலில் நின்றால் உதறுகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்பார்க் பிளக், வயர், காயில், இன்ஜெக்டர் கிளீனிங் எல்லாம் சேர்த்து 14,000 சொல்கிறார்கள், கிரெடிட் கார்டில் தேய்த்து இஎம்ஐ ஆக்கிக்கொள்ளலாமாம். பிளக்கை நானே மாற்றினால் மிச்சமாகுமா, இல்லை எதையாவது கெடுத்துவிடுவேனா? கடைசியாக 90,000 கிலோமீட்டரில் மாற்றியது. 15 வருடம் முடியப் போகிற வண்டிக்கு எதற்குச் செலவு, புதுசு எடு, மாதம் 12,000தான் வரும் என்கிறான் மச்சினன். கார்டில் ஏற்கெனவே 62,000 நிற்கிறது, அதில் 28,000 அவனுக்கு போன் வாங்கிக் கொடுத்தது. மினிமம் தவறாமல் கட்டிவிடுகிறேன். மகள் பிளஸ் ஒன், அவள் காலேஜுக்காக மாதம் 3,000 ஆர்டி இரண்டு வருடமாகப் போகிறது. இரவில் தூக்கம் வருவதில்லை."

மாற்றலாம். தாராளமாக நீங்களே மாற்றலாம். சாதாரண நிக்கல் பிளக் 56,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றால் அது தன் வயதைத் தாண்டிவிட்டது. முனை தேய்ந்து இடைவெளி விரிந்துபோயிருக்கும், லோடு ஏறும்போது பொறி தவறும், நீங்கள் சொல்லும் வெட்டி இழுப்பது அதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தள்ளியும் போடாதீர்கள், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிட்டால் அந்தச் செலவு வேறு மாதிரி இருக்கும்.

ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது பிளக் இல்லை என்று நினைக்கிறேன். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "மினிமம் தவறாமல் கட்டிவிடுகிறேன்" என்று. அதைச் சரியாகச் செய்கிற ஒரு காரியம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் பிரிவில் இருப்பவர், இந்தக் கணக்கை ஒரு நாளாவது உட்கார்ந்து போட்டீர்களா?

62,000க்கு மாதம் மூன்றரை சதவீதம் என்றால் 2,170. அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு 390. மொத்தம் 2,560. நீங்கள் கட்டும் மினிமம் ஐந்து சதவீதம் என்றால் 3,100. ஆக அசலில் குறைவது மாதம் 540 ரூபாய். வருடத்துக்கு 30,000க்கு மேல் வட்டியாக மட்டும் போகிறது, உங்கள் வண்டியின் ஒரு வருட ரிப்பேரும் இன்ஷூரன்ஸும் அதற்குள் அடங்கிவிடும். இன்னொன்று, பாக்கி நிற்கிற கார்டில் புதிதாகத் தேய்த்தால் அந்த 45, 50 நாள் வட்டியில்லாத காலம் கிடையாது, தேய்த்த அன்றே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். அந்த 14,000த்தை இந்த கார்டில் போடவே கூடாது. இஎம்ஐ என்று பெயர் மாற்றினாலும் சரி.

ஆர்டியை உடையுங்கள். படிக்கும்போது கோபம் வரும் என்று தெரியும், மகள் பணம், தொடக்கூடாது என்று வைத்திருக்கிறீர்கள். ஆனால் ஆறு, ஆறரை சதவீதம் வாங்கிக்கொண்டு இன்னொரு பக்கம் வருடத்துக்கு நாற்பதுக்கு மேல் கட்டிக்கொண்டிருந்தால் அந்த மகள் பணத்தைத்தான் கார்டு தின்கிறது. 24 மாதம் என்றால் 72,000, வட்டியும் சேர்ந்து முன்கூட்டி எடுப்பதற்கான பிடித்தம் போக 75,000 ஒட்டி வரும். 62,000த்தையும் இந்த மாத வட்டியையும் சேர்த்து 64,600 கட்டி முடியுங்கள். அடுத்த ஸ்டேட்மென்டில் மிச்ச நாள் வட்டி என்று கொஞ்சம் வரும், அதையும் கட்டிவிட்டு பாக்கி பூஜ்யம் என்று பார்த்த பிறகு நிம்மதியாக இருங்கள். கையில் பத்தாயிரம் சொச்சம் நிற்கும், அது வண்டிப் பணம். அப்புறம் மினிமம் கட்டிய 3,100உம் ஆர்டிக்குப் போன 3,000மும் சேர்ந்து மாதம் 6,100 உங்கள் கையில். அதில் 5,000 புது ஆர்டி, 1,100 வண்டிக்கு. 15 மாதத்தில் 75,000 திரும்ப வந்துவிடும், மகள் பிளஸ் டூ முடிக்கும் சமயம்.

மச்சினரிடம் போன் பணத்தைக் கேளுங்கள். மனைவிக்கு முன்னால் கேளுங்கள், அவருக்குத் தெரியாமல் கேட்டால் அது வேறு சண்டையாகிவிடும். மாதம் 2,000 என்று தேதி சொல்லி வாங்குங்கள். அவர் தராவிட்டாலும் மேலே சொன்ன கணக்கு நிற்கும், அதனால்தான் அதை இதில் சேர்க்கவில்லை. அவர் சொல்லும் புது வண்டி, மாதம் 12,000 என்றால் தோராயமாக ஏழரை லட்சம் கடன், ஏழு வருடம், ஒன்பதரை சதவீதம். மொத்தம் கட்டுவது 10.3 லட்சம். 46,000 சம்பளத்தில், மகள் காலேஜ் சேருகிற வருடத்தில், அது வேண்டாம். 15 வருடம் முடிந்தால் வண்டியை உடைக்கத்தான் வேண்டும் என்பதும் தமிழ்நாட்டில் இல்லை, அந்தத் தடை டெல்லி வட்டாரத்தில். இங்கே எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஆர்சியை ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம், காருக்குக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, பசுமை வரி தனி.

ஆனால் அதற்கு வண்டி தகுதியாக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். பிளக்கை நீங்களே கழற்றச் சொல்வது இதற்காகத்தான். கூலியில் மிச்சமாவது சில நூறு ரூபாய், ஆனால் கழற்றிய பிளக்கை உங்கள் கண்ணால் பார்ப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டி இரவு முழுக்க நின்று ஆறிய பிறகு செய்யுங்கள். இன்ஜின் ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை போய்விடும். ஒரு பிளக்கைக் கழற்றி, புதுசு போட்டு, வயரை மாட்டிவிட்டு அப்புறம் அடுத்ததற்குப் போங்கள், நாலு வயரையும் ஒன்றாகப் பிடுங்கினால் எது எதற்கு என்று குழம்பும். வயரைப் பிடித்து இழுக்காமல் ரப்பர் மூடியைப் பிடித்துத் திருகி எடுங்கள். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் விழும். புதுசை ஸ்பேனரால் ஆரம்பிக்கவே கூடாது. என் பழைய வண்டிக்கு நான் ஒரு சாண் பெட்ரோல் டியூபை பிளக் தலையில் செருகி அதை விரலால்தான் சுற்றுவேன், மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிவிடும், உடனே தெரியும். விரலில் இறுகிய பிறகு, வாஷர் உள்ள புது பிளக் என்றால் சாக்கெட்டால் அரைச் சுற்று போதும். பழையது கழலவே மாட்டேன் என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், அதோடு நிறுத்தி மெக்கானிக்கிடம் போங்கள்.

கடையில் இரிடியம் எடுங்கள் சார், ஒரு லட்சம் கிலோமீட்டர் வரும் என்பார்கள். நான்கைந்து மடங்கு விலை. உங்கள் வண்டி வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்தால்கூட ஒரு லட்சத்துக்கு 10 வருடம் வேண்டும். வண்டியின் மேனுவலில் போட்டிருக்கும் சாதாரண பிளக்கே வாங்குங்கள், நாலும் சேர்ந்து 600, 700க்குள் முடியும். வயரில் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங் பேக்கேஜ், பெட்ரோலில் ஊற்றும் பாட்டில் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம், உதறல் நிற்காவிட்டால் பிறகு காயிலைப் பார்க்கச் சொல்லலாம்.

கழற்றிய நாலையும் எந்த சிலிண்டர் என்று எழுதி ஒரு பேப்பரில் வரிசையாக வையுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் இன்ஜின் நன்றாக இருக்கிறது, எஃப்சிக்குப் பணம் போடலாம். நாலும் காய்ந்த கரியாக இருந்தால் ஏர் ஃபில்டரையும் சென்சாரையும் பார்க்கச் சொல்லுங்கள், பெரிய செலவு இருக்காது. ஏதாவது ஒன்று எண்ணெய் ஈரமாக வந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம், சிலிண்டரின் அழுத்தத்தைப் பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்காமல் அந்த வண்டிக்கு வேறு எந்தச் செலவும் செய்யாதீர்கள். அப்படி வந்தாலும் புதுக் கடன் வேண்டாம், இருக்கிற நிலையில் விற்றுவிட்டு ஒரு வருடம் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் போகலாம், மாதம் 12,000க்குள் எவ்வளவோ ஆட்டோ பிடிக்கலாம்.

நாலு பிளக்கையும் முனை தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். கூடவே, கட்டி முடித்த அந்த கார்டு ஸ்டேட்மென்டும்.