கல்லூரியிலிருந்து வந்ததும் பேசாமல் படுத்துவிடும் மகன்: பேராசிரியரை நாங்கள் போய்ப் பார்க்கலாமா?

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். ப்ளஸ் டூவில் 600க்கு 548. கிண்டிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. காலை ஏழு மணிக்குள் வில்லிவாக்கத்தில் ரயில் ஏறுகிறான். இரவு ஏழுக்குத் திரும்பினால் செல்போனுடன் படுத்துவிடுகிறான். முதல் இன்டர்னலில் கணிதத்தில் 100க்கு 31. "ஆர்ட்ஸ் காலேஜுக்கு மாறிடவா?" என்று கேட்கிறான். அவன் அப்பாவோ, நேரில் போய்த் துறைத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், வில்லிவாக்கம்

பதில்: அவன் அப்பாவைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள், அம்மா. பேராசிரியரைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் மகனே போய்ப் பார்க்கட்டும். பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கள் போனீர்கள், டீச்சர் சொன்னதைக் கேட்டு வந்து வீட்டில் சொன்னீர்கள். கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே அந்த வேலை அவன் கைக்கு மாற வேண்டும். அப்பா போய்ப் பேசினால் இந்த ஒரு பிரச்சினை வேண்டுமானால் தீரும். அடுத்ததற்கும் அப்பாவே போக வேண்டியிருக்கும்.

அதற்காக "நீயே பார்த்துக்கோ" என்று விட்டுவிடவும் கூடாது. இரண்டு மாதப் பழக்கத்தில் ஒரு பேராசிரியரின் அறைக்கதவைத் தட்டுவது சின்ன விஷயமில்லை. என்ன பேசுவது என்று வீட்டிலேயே ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். "சார், கணக்கு புரியல" என்று பொதுவாகச் சொன்னால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. "சார், மேட்ரிக்ஸ் யூனிட்ல ஐகன் வேல்யூ கணக்கு ரெண்டாவது ஸ்டெப்ல நிக்குது, எப்ப வந்து கேக்கலாம்?" என்று கேட்டால் பதில் கிடைக்கும். தமிழிலேயே கேட்கலாம். சென்னையில் பாடம் நடத்துகிறவர்களில் பெரும்பாலானோருக்குத் தமிழ் தெரியும். மாணவர்களுக்கு வழிகாட்ட வகுப்புக்கென்று ஓர் ஆசிரியர் (ஃபேகல்டி அட்வைசர் அல்லது மென்டர்) இருந்தால், அவர் பெயரும் அறையும் மகனுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

இனி அந்த 31. 548 வாங்கிய பிள்ளைக்கு இது பெரிய அடி. அதற்குக் காரணம் சோம்பல் என்று எனக்குத் தோன்றவில்லை. ப்ளஸ் டூவில் கையில் ஒரு பாடநூல், புத்தகத்தின் பின்னால் கேள்விகள், வருடம் முழுக்க ரிவிஷன் டெஸ்ட். இங்கே ஐந்து யூனிட் சிலபஸ், பல புத்தகங்கள், சில மாதத்தில் செமஸ்டர் தேர்வு. அதோடு மொழியும் சேர்ந்துகொள்கிறது. 'அணிக்கோவை' என்று அவன் நூறு கணக்குப் போட்டதை 'டிட்டர்மினன்ட்' என்று சொல்லி நடத்துகிறார்கள், 'வகைக்கெழு' அங்கே 'டெரிவேட்டிவ்'. தெரிந்த கணக்கையே தெரியாததாக நினைத்து உட்கார்ந்திருப்பான்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ கணிதப் புத்தகங்களின் ஆங்கில வழிப் பதிப்பை வாங்கிக் கொடுங்கள். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், முன்பு டி.பி.ஐ. வளாகம் என்று அழைக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகத்தில் பாடநூல் கழக விற்பனை மையம் இருக்கிறது. இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கும். தமிழ்ப் புத்தகத்தில் இருக்கும் அதே கணக்குகள் அதே வரிசையில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து தினமும் இரண்டு பக்கம் பார்த்தால் போதும், அந்தச் சொற்கள் பழகிவிடும். டியூஷனுக்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். சனிக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நண்பனோடு போகட்டும். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனி இடம் உண்டு. படிப்பைவிட அந்த நண்பன் கிடைப்பதுதான் இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மாலைப் பொழுதையும் கவனியுங்கள். சென்ட்ரலில் இறங்கி, சுரங்கப்பாதையில் பார்க் ஸ்டேஷனுக்குப் போய், அங்கே தாம்பரம் வண்டி பிடித்து கிண்டி. திரும்பும்போது இதே கூட்டத்தில் நின்றுகொண்டே வருகிறான். வாசலிலேயே "இன்னைக்கு என்ன நடத்தினாங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். குளித்துச் சாப்பிடட்டும். அரை மணி செல்போன் பார்த்தாலும் பரவாயில்லை, பிடுங்காதீர்கள். அப்புறம் "மத்தியானம் யாரோட சாப்பிட்ட?" என்று ஆரம்பியுங்கள். மதிப்பெண்ணைவிட இந்தக் கேள்விக்கு வரும் பதில் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

தினமும் தனியாகச் சாப்பிடுகிறான், தூக்கம் இல்லை, கல்லூரிக்குக் கிளம்பிவிட்டு வகுப்புக்குப் போவதில்லை, அல்லது சாவைப் பற்றிப் பேச்சு வருகிறது என்றால் நான் மேலே சொன்ன பொறுமை வேண்டாம். உயிரைப் பற்றிய பேச்சு வந்தால் அவனைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் தொலைபேசி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். ராகிங் இருக்கிறதா என்றும் நேரடியாகவே கேளுங்கள். தமிழ்நாட்டில் 1997 முதல் அதற்குத் தனிச் சட்டமே இருக்கிறது. அப்படி ஏதாவது என்றால் அப்பா தாராளமாகக் கல்லூரிக்குப் போகலாம், போகவும் வேண்டும். ராகிங் புகாருக்கு யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) உதவி எண் 1800-180-5522.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதா? வரவில்லை என்றால் கல்லூரியில் விசாரிக்கச் சொல்லுங்கள். அந்தப் பணம் அவன் கணக்கிலேயே இருக்கட்டும். சீசன் டிக்கெட்டும் ஜெராக்ஸும் அவன் பொறுப்பு. கணக்குக் கேட்காதீர்கள்.

கல்லூரி மாறும் யோசனைக்கு இப்போதே "சரி"யும் வேண்டாம், "கூடாது"ம் வேண்டாம். "முதல் செமஸ்டர் எழுது, அப்புறம் உட்கார்ந்து பேசலாம்" என்று சொல்லுங்கள், சொன்னபடி பேசவும் செய்யுங்கள். பாடம் பிடிக்கவில்லையா, இடம் பழகவில்லையா என்று அவனுக்கே அதற்குள் ஓரளவு தெரிந்துவிடும். அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் வாங்குவது மே மாதவாக்கில்தான். அதுவரை வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு வழியும் அவனுக்குத் திறந்திருக்கும்.