பிக்கப் வண்டியை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே கேரட்டும் பீட்ரூட்டும் பயிரிட்டு வந்தோம். என் கணவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆனபின் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய் ஏற்றிப் போன 2014ஆம் ஆண்டு பிக்கப் வண்டி இப்போது வாசலில் நிற்கிறது. புரோக்கர் ஒன்றே முக்கால் லட்சம் தருவதாகச் சொல்கிறார். என் கணவருக்கோ விற்க மனமில்லை. பக்கத்து ஊரில் ஒரு டிரஸ்ட் நடத்தும் முதியோர் இல்லத்துக்கு இலவசமாகக் கொடுக்க விரும்புகிறார். அரிசி மூட்டை கொண்டுவரவும் முதியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் உதவும் என்று பொறுப்பாளர் மகிழ்ந்தார். இரண்டு படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். வருமான வரியில் சலுகை கிடைக்குமா? வண்டியின் முகப்பில் எழுதியிருக்கும் என் மாமியாரின் பெயரை அழிக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கணவரின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால், பூர்த்தி செய்யாத படிவங்களில் அவர் கையெழுத்திட வேண்டாம் என்பதைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டும்.

என் உறவினர் ஒருவர் தம்முடைய பழைய ஜீப்பை ஓர் ஆசிரமத்துக்கு இப்படித்தான் கொடுத்தார். படிவங்கள் யாருடைய மேசை இழுப்பறையிலோ கிடந்தன, இன்சூரன்ஸும் காலாவதியானது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு நாள் தபால்காரர் பதிவுத் தபால் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் அந்த ஜீப் மோதிக் காயமடைந்தவர் தொடுத்த இழப்பீட்டு வழக்கில், முதல் எதிர்மனுதாரராக என் உறவினரின் பெயர் இருந்தது. வண்டியைக் கண்ணால் பார்த்தே மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன என்று அவர் சொன்னது எடுபடவில்லை. கைமாறிய வண்டியாக இருந்தாலும் பதிவில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவாகவே தீர்ப்பளித்திருக்கிறது.

ஆகவே, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் டிரஸ்டின் பெயர், முகவரி, தேதி எல்லாவற்றையும் நிரப்பிய பிறகே அவர் கையெழுத்திட வேண்டும். கைமாறியதை வண்டியைக் கொடுத்தவர் 14 நாட்களுக்குள்ளும், பெற்றவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவு. வண்டியை ஏற்றுக்கொள்வதாக டிரஸ்ட் நிறைவேற்றிய தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் எண், சேஸிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், ஒப்படைத்த நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்து ஒரு நன்கொடைக் கடிதம் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்; நேரத்தைக் குறிப்பது மிகையல்ல, அன்று மாலையே விபத்து நேர்ந்தால் அந்த ஒரு வரிதான் பேசும். கடன் கட்டி முடித்தும் ஆர்.சி.யில் பைனான்ஸ் நிறுவனத்தின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் அந்த நிறுவனம் தரும் என்.ஓ.சி.யும் (தடையின்மைச் சான்று), கடன் பதிவை நீக்கக் கோரும் படிவம் 35-உம் கொடுத்து முதலில் அதை நீக்க வேண்டும். நிலுவை அபராதங்களைக் கட்டி, ஃபாஸ்டேக் கணக்கையும் மூடிவிடுங்கள்.

அடுத்தது, எனக்கு உண்மையிலேயே கவலை தரும் விஷயம். முதியவர்களை இந்த வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகக் கூடாது. இது சரக்கு வண்டி. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ சரக்கோடு போவதற்கு இன்சூரன்ஸ் பொறுப்பேற்குமே தவிர, சும்மா ஏறிக்கொள்ளும் பயணிக்குப் பொறுப்பேற்காது. தார்ப்பாய் கட்டிய தொட்டியில், குஞ்சப்பனை வளைவுகளில், பிடித்துக்கொள்ளக் கைப்பிடிகூட இல்லாமல் எண்பது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். பொறுப்பாளரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஆட்களை அழைத்துப் போவதுதான் அவர்களுடைய முதல் தேவை என்றால், உங்கள் வண்டி அதற்கு உதவாது. விற்று வரும் பணம் உதவும்.

சரக்குக்குத்தான் தேவை என்றாலும், வண்டியோடு சேர்ந்து போகும் செலவை அவர்கள் அறிந்திருக்க வேண்டும். எட்டு ஆண்டுகளைக் கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. இந்த வகைச் சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டுமே 2022ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, ஜி.எஸ்.டி. நீங்கலாக, 16,049 ரூபாய். ஓட்டுநர் விஷயத்தில் சிரமமில்லை: 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை ஓட்டச் சாதாரண எல்.எம்.வி. (இலகு ரக வாகன) உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு 2024 நவம்பரில் கூறிவிட்டது.

கொடுக்கும் முன் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் காட்டுங்கள். கழுவிய கேரட் மூட்டைகளிலிருந்து ஆண்டுக்கணக்கில் தண்ணீர் வடிந்த தொட்டி மேலே பெயின்ட்டோடு நன்றாகவே தெரியும். அடியில் படுத்து ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் தகடு பொலபொலவென்று உதிரும். சேஸிஸ் குறுக்குச் சட்டங்கள் வரை துரு ஏறியிருக்கிறதா என்று அங்கேதான் பார்க்க வேண்டும். அரவேணுவிலிருந்து கீழே இறங்கும் சாலையில் ஒரு முறை ஓட்டிப் பார்த்து, பிரேக் லைனிங் கருகும் வாடை வருகிறதா என்றும் கவனிக்கச் சொல்லுங்கள். பழுது பார்ப்பதானால் உங்கள் செலவிலேயே பார்த்து, புதிய எஃப்.சி.யோடு கொடுங்கள். பழுதான வண்டியை முதியோர் இல்லத்தின் தலையில் கட்டுவது உங்கள் கணவரின் நோக்கம் அல்ல என்று நம்புகிறேன். செலவு கைமீறும் என்று மெக்கானிக் சொன்னால், வண்டியைப் புரோக்கரிடமே கொடுத்துவிடலாம். அங்கும் பெயர் மாற்றம் கட்டாயம்.

வரிச் சலுகையைப் பொறுத்தவரை, 80ஜி என்று நாம் அறிந்திருக்கும் கழிவு பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு மட்டுமே உண்டு. பொருளாகக் கொடுப்பதற்கு இல்லை. விற்ற தொகையைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்தால், டிரஸ்ட் அதற்கான அங்கீகாரம் பெற்றிருக்கும்பட்சத்தில், கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது.

உங்கள் மாமியாரின் பெயரை அழிக்க வேண்டியதில்லை. கதவில் உரிமையாளர் பெயரும் முகவரியும் எழுதியிருந்தால் அவற்றை மட்டும் டிரஸ்டின் பெயருக்கு மாற்றி எழுத வேண்டும். முகப்பில் இருப்பதை அப்படியே விட்டுவைக்கும்படி கேட்டுப் பாருங்கள். தினமும் அரிசி கொண்டுவரும் வண்டியில் ஒரு தாயின் பெயர் இருப்பதற்கு அந்த இல்லத்தில் யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.