மூன்று நாள் சம்பளம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஆந்திராவில், சித்தூர்ப் பக்கத்துப் புத்தூரில் இருக்கிறோம். கணவர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். 2021 நவம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால் பழைய வீட்டை இடித்து, மண் கொட்டி மனையை மூன்றடி உயர்த்தி, மாடி வைத்துக் கட்டிக்கொண்டோம். சென்ற மாத மழையில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. இன்வெர்ட்டர் இருந்ததால் இருட்டும் தெரியவில்லை. இரவு படுக்கப் போகும்போது கடவுளுக்கு நன்றி சொன்னேன். சொன்ன மறுநிமிடமே கூச்சமாகிவிட்டது. எங்கள் தெருக் கடைசியில், கால்வாய் ஓரத்து வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும் அங்கேதான் குடியிருக்கிறாள். மூன்று நாள் அவள் வரவில்லை. நான்காம் நாள் வந்தவளுக்கு அரிசியும் இரண்டு போர்வைகளும் என் பழைய புடவைகளும் கொடுத்து அனுப்பினேன். அப்படியும் மனம் ஆறவில்லை. அடுத்தவர் நனையும்போது நான் நனையவில்லை என்று நன்றி சொல்வது சுயநலம் இல்லையா? "இதெல்லாம் அரசாங்கம் பார்க்க வேண்டியது, நீ ஏன் புலம்புகிறாய்?" என்கிறான் என் மகன்.

எஸ்., புத்தூர்

மதிப்பிற்குரிய அம்மா,

நன்றி சொன்னதற்கா கூச்சம்? சித்தூர்ச் சீமைக்காரர்கள் மழைக்கு நன்றி சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? ஆயிரம் அடி துளைத்தும் புழுதி மட்டுமே பறக்கும் ஆழ்துளைக் கிணறுகளைப் பார்த்தவர்கள் நாம். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பாவிட்டால் கோடையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் முதலில் குடம் தூக்குகிறவர்களும் உங்கள் தெருக் கடைசிக்காரர்கள்தான். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டே ஏரி எவ்வளவு நிரம்பியது என்று அவர்களும் விசாரித்திருப்பார்கள். எனவே உங்கள் பிரார்த்தனை பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை.

என்னை உறுத்தியது வேறு. அரிசி கொடுத்ததை எழுதியிருக்கிறீர்கள், போர்வை கொடுத்ததை எழுதியிருக்கிறீர்கள். வேலைக்கு வரும் அந்தப் பெண் வராத மூன்று நாள் சம்பளம் என்ன ஆயிற்று என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் என்னை மன்னித்துவிடுங்கள். நம் வீடுகளில் வழக்கம் எது என்று தெரிந்ததால் கேட்கிறேன். மழைக்கு இரக்கப்பட்டுப் புடவை கொடுப்போம், மாதக் கடைசியில் காலண்டரைப் பார்த்து மூன்று நாளைக் கழித்துக்கொண்டும் கொடுப்போம். இரண்டையும் ஒரே கைதான் செய்கிறது. அதில் முரண் இருப்பதாக நமக்குத் தோன்றுவதே இல்லை.

ஏழை வீட்டில் மழை என்றால் நாம் கூரையைத்தான் நினைக்கிறோம். ஒழுகும் ஓடு, சரிந்த மண்சுவர், மிதக்கும் பாத்திரம். செய்தித்தாள் படங்களும் அவையே. கூலி நின்றுபோவதைப் படம் பிடிக்க முடியாது. நான் இருக்கும் நகரியில் இது நன்றாகத் தெரியும். இது தறி ஊர். விசைத்தறிக்கு மின்சாரம் நின்றால் கூலியும் நின்றது. நெய்த அளவுக்குத்தான் காசு. தறியடியில் உட்கார்ந்திருந்த நேரத்துக்கு யாரும் தருவதில்லை. குழித்தறி வைத்திருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். அடைமழையில் தரையடியிலிருந்து ஊற்றெடுத்துத் தறிக்குழி நிரம்பும். கால் வைத்து மிதிக்க வேண்டிய இடத்தில் தண்ணீர். காலையில் இறைத்தால் மதியத்துக்குள் மறுபடி ஊறிவிடும். தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட முடியாது. ஏற்கெனவே கஞ்சி போட்ட பாவில் ஈரம் ஏறி இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மழை விட்டதும் வேலை தொடங்கிவிடும் என்பதும் கிடையாது. குழி காய வேண்டும், நூல் காய வேண்டும். வானம் வெளுத்த பிறகும் நாள்கள் போகும்.

மழை பெய்கிறது என்று கடன் தவணை நிற்காது. தண்டல்காரர் குடை பிடித்துக்கொண்டு வருவார். குழுக் கடன் என்றால் உங்கள் பங்கைப் பக்கத்து வீட்டுக்காரி கட்ட வேண்டும், அவளும் அதே தண்ணீரில்தான் நிற்கிறாள். வீட்டு வாசலில் நின்று வசூலிக்கும் கெடுபிடி எல்லை மீறியபோதுதான் ஆந்திர அரசு 2010-இல் நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டமே கொண்டுவந்தது. இப்படிப்பட்ட வாரத்தில் உங்கள் வீட்டுச் சம்பளத்தில் மூன்று நாள் குறைந்தால், அந்தப் பள்ளத்தை அரிசி நிரப்பாது. அரிசி பெரும்பாலும் ரேஷனில் கிடைத்துவிடும். கையில் காசுதான் இருக்காது.

இன்னொன்று, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொல்கிறேன். மனையை மூன்றடி உயர்த்தினீர்கள். உங்கள் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் 2021-இல் உங்கள் கூடத்தில் நின்ற தண்ணீர் ஆவியாகிவிடவில்லை அம்மா. இந்த முறை அது வேறு கூடத்தில் நின்றது. உங்கள் தெருவில் நீங்கள் மட்டுமா உயர்த்தினீர்கள்? வரிசையாக எல்லோரும் உயர்த்தியிருப்பார்கள், பிறகு சாலையும் உயர்ந்திருக்கும். உயர்த்த வசதியில்லாதவர்கள் வீடு குளமாகியிருக்கும்.

நம் எல்லைப் பக்கம் முழுக்க இதே கணக்குத்தான். பிச்சாட்டூர் அணையில் ஆரணியாற்று மதகைத் திறந்தால் எல்லை தாண்டித் தமிழ்நாட்டு ஊத்துக்கோட்டையில் போக்குவரத்து தடுமாறும். கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் கொசஸ்தலையாற்றில் மூழ்கும். 1960 ஏப்ரல் முதல் தேதி ஆந்திராவுக்கும் சென்னை மாநிலத்துக்கும் நடுவே எல்லைக்கோடு போட்டு ஊர்களைப் பிரித்தார்கள். திருத்தணி அந்தப் பக்கம், சத்தியவேடு இந்தப் பக்கம். தண்ணீருக்கு அந்த அரசாணை போய்ச் சேரவில்லை. அணையைத் திறப்பவர்களைக் குறை சொல்லவில்லை, திறக்காவிட்டால் கரை போய்விடும். 2021 நவம்பரில் திருப்பதிக்கு அருகே ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டபோது கீழேயிருந்த ஊர்களைக் காலி செய்தார்கள், நினைவிருக்கும். ஏரிக்குக் கீழே, ஆற்றோரத்தில், கால்வாய்ப் புறம்போக்கில் இருப்பவர்கள் ஆசைப்பட்டு அங்கே போனவர்கள் அல்லர். மேட்டில் மனை விலை என்ன என்று உங்கள் கணவரைக் கேட்டால் சொல்வார்.

உங்கள் மகன் சொல்வது பாதி உண்மை. அரசாங்கம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் இடிந்த சுவரை ஒரு அதிகாரி வந்து பார்த்து எழுதிவிடலாம், நான்கு நாள் ஓடாத தறியை, கூப்பிடாத கட்டட வேலையை யார் எழுதுவது? அரசாங்கத்தைப் பார்க்க வைக்கவும் யாராவது வேண்டும். அதற்கு உங்கள் மகனையே அனுப்புங்கள். புரட்டாசியிலேயே கால்வாயைத் தூர்வாரச் சொல்லி நகராட்சியில் ஒரு மனு. கடைசித் தெருக்காரர்கள் மட்டும் கையெழுத்துப் போட்டால் மேஜையில் கிடக்கும். மாடி வீட்டுக்காரர்களும் போட்டால் கொஞ்சம் நகரும். இது நியாயமில்லைதான், ஆனால் நடைமுறை.

பழைய புடவை கொடுப்பதை நான் கேலி செய்யவில்லை, ஈரத் துணி காயாத நாளில் அதுவும் உதவும். அதைவிட உதவக்கூடியவை சில உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. இன்வெர்ட்டர் இருக்கிறது, கால்வாயோரத்துக் கைபேசிகள் நான்கைந்து அங்கே சார்ஜ் ஆகட்டும். மின்சாரம் இல்லாத ஊரில் நாளை வேலை உண்டா என்பது கைபேசியில்தான் தெரியவரும். மாடி இருக்கிறது, பிள்ளைகளின் புத்தகப் பைகளையும் ரேஷன் அட்டை, ஆதார், பட்டா நகல்களையும் மழைக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளலாம். நனைந்த காகிதத்துக்கு மாற்றுக் காகிதம் வாங்க அலையும் அலைச்சலும் கூலி போன நாள்கள்தான். தார்ப்பாய் வாங்கிக் கொடுப்பதானால் ஆவணியில் வாங்குங்கள். புயல் அறிவிப்பு வந்த பிறகு கடையில் விலையே வேறு.

அந்த மூன்று நாள் சம்பளத்தைத் தனியாக உறையில் போட்டு, மழை உதவி என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் அவர் நன்றி சொல்ல வேண்டியிருக்கும், உங்களுக்கு மறுபடி கூச்சம் வரும். ஒன்றாம் தேதி வழக்கம்போல முழுச் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள். அவர் எண்ணிப் பார்த்துக்கொள்வார்.