மலிவு விலை பேஸுக்கு எந்தப் பிக்கப்?

பேஸ் கிட்டார் பற்றி வாசகர்கள் கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அண்ணா, ப்ரிசிஷன் பேஸ் மாடலில் வந்த, விலை குறைந்த பேஸ் ஒன்று வைத்திருக்கிறேன். வீட்டில் தனியாக வாசித்தால் நன்றாகவே கேட்கிறது. டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் சேர்ந்ததும் நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை. புது பேஸ் வாங்க இப்போது வசதியில்லை. பிக்கப்பை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: போதும் என்றுதான் நினைக்கிறேன். (புதியவர்களுக்கு: ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும், காந்தமும் ஒயர்ச் சுருளும் சேர்ந்த பாகம்தான் பிக்கப்.) உங்களுடையது ப்ரிசிஷன் மாடல் என்பதே பாதி நிம்மதி. லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த முதல் ப்ரிசிஷனில் ஒற்றைச் சுருள் பிக்கப்தான் இருந்தது. 1957-இல் அதை இரண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஈ, ஏ ஸ்ட்ரிங்குகளுக்கு ஒரு பாதி. டி, ஜி ஸ்ட்ரிங்குகளுக்கு இன்னொரு பாதி. இரண்டின் காந்தமும் சுற்றும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசை. அதனால் வெளியிலிருந்து வரும் ‘ஹம்’ சத்தத்தை இரண்டு பாதியும் சேர்ந்து ரத்து செய்துவிடும். அந்த வடிவமும் அளவும் இன்றுவரை அநேகமாக அப்படியே இருப்பதால், வேறு கம்பெனியின் பிக்கப்பும் உங்கள் பேஸில் மரத்தைத் தொடாமல் உட்கார்ந்துவிடும்.

ஆனால் ஆர்டர் போடும் முன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். ஸ்ட்ரிங் எப்போது மாற்றினீர்கள் என்று எழுதவில்லை. பேஸோடு வந்த ரவுண்ட்வுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங்கே இன்னும் இருந்தால், எவ்வளவு உயர்ந்த பிக்கப்பைப் போட்டாலும் மங்கலாகத்தான் கேட்கும். (தட்டைக் கம்பி சுற்றிய ஃப்ளாட்வுண்ட் சங்கதி வேறு. அமெரிக்க பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 ப்ரிசிஷனில் பழகிப்போன ஃப்ளாட்வுண்டைப் போட்டுத்தான் மோடவுன் இசைக் கம்பெனியின் பாட்டுகளை வாசித்தார். அந்த மொத்தையான சத்தம் அவருக்கு வேண்டியிருந்தது.) அடுத்து ஆம்ப். மிட் (நடுஸ்தாயி) குமிழைக் குறைத்து, பேஸ், ட்ரெபிள் குமிழ்களை ஏற்றி வைத்திருந்தால் தனியாகக் கேட்கச் சுகமாக இருக்கும். கூட்டத்தில் காணாமல் போகும். மிட்டை ஏற்றிப் பாருங்கள்.

பிறகு பிக்கப்பின் உயரம். இதற்குக் காசே வேண்டாம், ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். என்னிடம் வரும் மலிவு பேஸ்களில் பிக்கப் ஆழமாகப் புதைந்து கிடப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்து, ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்பின் காந்தமுனைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஈ பக்கம் 3 மில்லிமீட்டர், ஜி பக்கம் 2.5 என்று ஆரம்பித்து, காது சொல்கிறபடி கூட்டலாம், குறைக்கலாம். ரொம்ப நெருக்கிவிடாதீர்கள். காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்தால் ஸ்வரம் நடுங்கும், நீளமாக நிற்காது.

இத்தனைக்குப் பிறகும் குரல் எழவில்லை என்றால் தாராளமாக மாற்றுங்கள். விலை குறைந்த பேஸ்களில் பெரும்பாலும் இரும்பு முனைகளை வைத்து, அடியில் ஒரு செராமிக் காந்தப் பட்டையை ஒட்டியிருப்பார்கள். செராமிக் என்றாலே மட்டம் என்று பொருளில்லை; அதில் அருமையான பிக்கப்களும் உண்டு. ஆனால் உங்களுக்கு வேண்டியது கூட்டத்தில் எழுந்து நிற்கும் அந்த உறுமல். அதற்கு ஒவ்வொரு முனையுமே காந்தமாக இருக்கும் ஆல்னிகோ 5 வகையைத்தான் சொல்வேன். வில்கின்சன், டோன்ரைடர், ஆர்டெக் போன்ற கம்பெனிகளின் பிக்கப்கள் பெரிய பெயர்களைவிட நன்றாகவே விலை குறைவு. இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது: விலை உயர்ந்த பேஸ் வாங்கியவர்கள் அதையும் மேம்படுத்துகிறேன் என்று கழற்றிவிட்டு, கம்பெனிப் பிக்கப்பை விற்பார்கள். அப்படி வருவதை விடாதீர்கள். பிக்கப்பில் தேய்மானம் கிடையாது; மல்டிமீட்டரில் சரியான அளவு காட்டினால் தைரியமாக வாங்கலாம்.

பிக்கப் மாற்றும் அன்றைக்கே வால்யூம், டோன் இரண்டு பாட்களையும் (குமிழின் அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்கள்) 250 கிலோ ஓம் ஆக மாற்றிவிடுங்கள். டோன் பாட்டோடு சேரும் கபாசிட்டர் 0.047 மைக்ரோஃபாரட் போதும். கபாசிட்டருக்கென்று பெரிதாகச் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: ஒரு பிக்கப்பில் 7.5 கிலோ ஓம் என்றும் இன்னொன்றில் 11 கிலோ ஓம் என்றும் போட்டிருக்கிறது. 11 உள்ளதில்தானே சத்தம் அதிகம் வரும்?

பதில்: முதலாவது ஜாஸ் பேஸ் (ஃபெண்டரின் இன்னொரு மாடல்) பிக்கப், இரண்டாவது ப்ரிசிஷன் பிக்கப் என்று நினைக்கிறேன். இரண்டையும் இந்த எண்ணை வைத்து ஒப்பிடவே முடியாது. சுருளில் எவ்வளவு நீள ஒயர், எவ்வளவு மெல்லியது என்பதைத்தான் ஓம் கணக்கு சொல்லும். காந்தம் எது, சுருளின் வடிவம் என்ன என்பதெல்லாம் அதில் வராது. ஒரே மாதிரி பிக்கப், ஒரே ஒயர் என்றால் மட்டும், எண் கூடக் கூடச் சுற்று அதிகம், சத்தமும் அதிகம் என்று கொள்ளலாம். அப்போதும் மேல்பகுதித் தெளிவு கொஞ்சம் மழுங்கும். சத்தத்தைக் கூட்ட ஆம்ப் இருக்கிறது. தெளிவு போய்விட்டால் எந்தக் குமிழும் அதைத் திருப்பித் தராது.

கேள்வி: ஜாஸ் பேஸுக்கு ஒரு ஜோடிப் பிக்கப் வாங்கினேன். ஒன்று பொருந்திவிட்டது, மற்றது குழிக்குள் போகவே மாட்டேன் என்கிறது. கவரைத் தேய்க்கலாமா?

பதில்: வேண்டாம், தேய்க்காதீர்கள். ஜாஸ் பேஸில் நெக் பக்கப் பிக்கப் சுமார் 92 மில்லிமீட்டர், ப்ரிட்ஜ் பக்கம் சுமார் 95. சில மலிவு பேஸ்களில் இரண்டு குழியும் ஒரே நீளத்தில் வெட்டப்பட்டிருக்கும்; உங்களுடையது அந்த வகை. திருப்பி அனுப்பிவிட்டு, பழையதைக் கழற்றி ஸ்கேலால் அளந்து, அதே நீளத்தில் இரண்டு கேளுங்கள். சோப்பார் (சோப்புக் கட்டி போன்ற செவ்வக) பிக்கப் உள்ள பேஸ்காரர்களும் அளந்த பிறகே வாங்குங்கள்; ஈஎம்ஜி கம்பெனியின் 35, 40 என்ற இரண்டு அளவுகளுக்கு நடுவே நீளத்தில் மட்டும் அரை அங்குல வித்தியாசம் இருக்கிறது.

கேள்வி: பிஜே பேஸில் (ப்ரிசிஷன், ஜாஸ் பிக்கப் இரண்டும் உள்ளது) ப்ரிசிஷன் பிக்கப்பை மட்டும் புதிதாக மாற்றினேன். தனித்தனியாக இரண்டும் பிரமாதம். இரண்டையும் முழுதாகத் திறந்தால் மூக்கடைத்த மாதிரி மெலிந்துபோகிறது. பிக்கப்பில் கோளாறா?

பதில்: இரண்டுமே நல்ல பிக்கப்தான், எதிரெதிர் ஃபேஸில் இருக்கின்றன, அவ்வளவே. ஒன்று தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கிறது. கீழ்ஸ்தாயி முழுக்க அடிபட்டுப் போகிறது. புதிய பிக்கப்பின் இரண்டு வெளி ஒயர்களை இடம் மாற்றிச் சால்டர் செய்யுங்கள். இரண்டு பாதிகளை இணைக்கும் நடு ஒயரைத் தொடாதீர்கள். ஒரு பாதி மட்டும் திரும்பிவிட்டால், ஹம்மை ரத்து செய்கிற குணமே போய்விடும். அடியில் உலோகத் தகடு இருந்து அது கிரவுண்ட் ஒயரோடு சேர்ந்திருந்தால், அந்த இணைப்பை முதலில் பிரித்துத் தனி ஒயராகக் கிரவுண்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இனி மாற்றுபவர்கள் சால்டர் செய்யும் முன்பே சோதிக்கலாம். மல்டிமீட்டரை ஓம் அளவில் பிக்கப்போடு இணைத்து, ஸ்க்ரூடிரைவர் முனையைக் காந்தமுனையில் வைத்துச் சட்டென்று எடுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டு பிக்கப்பிலும் ஒரே பக்கம் நகர்ந்தால் ஃபேஸ் சரி.

ஜே பிக்கப்பைத் தனியாகத் திறந்தால் ஹம் வருகிறதே என்று அடுத்து கேட்பீர்கள். ஒற்றைச் சுருளுக்கு அது இயல்பு. தொல்லையாக இருந்தால் டிமார்சியோ மாடல் ஜே போல ஹம் ரத்தாகும்படி செய்த ஜே பிக்கப் போடலாம்.

கேள்வி: இதையெல்லாம் நானே செய்யலாமா? சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்ததே இல்லை.

பதில்: செய்யுங்கள். இரண்டு பாட், ஒரு ஜாக், நாலைந்து ஒயர்; பழகுவதற்கு பேஸைவிட எளிய கருவி இல்லை. முதலில் பழைய பாட் ஒன்றில் கை பழகட்டும். கழற்றும் முன் உள்ளே இருக்கிற நிலையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 40 வாட் அயர்னும் ரோசின் கோர் ஈயமும் போதும். பாட்டின் முதுகு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், அங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும். பிக்கப்பின் அடியில் இருக்கும் இணைப்பில் நேர்மாறு: தலைமுடியைப் போன்ற மெல்லிய சுருள் ஒயர் அங்கேதான் முடிகிறது, அயர்னை அங்கே கொண்டுபோகவே வேண்டாம். ப்ரிட்ஜுக்குப் போகும் கிரவுண்ட் ஒயரை மறக்காமல் பாட்டின் முதுகில் சேருங்கள். விட்டுப்போனால் இரைச்சல் எழும், பழி புதுப் பிக்கப்பின் மேல் விழும்.

கேள்வி: என் பேஸ் விலைக்கு இவ்வளவு செலவு செய்வது தகுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள்.

பதில்: நெக்கைப் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால், அல்லது டிரஸ் ராட் (நெக்கின் உள்ளே இருக்கும், வளைவைச் சரிசெய்யும் கம்பி) திருப்பியும் வளைவு அடங்கவில்லை என்றால், அந்த பேஸுக்கு ஒரு காசும் செலவழிக்காதீர்கள். நெக் நேராக, கைக்கு இதமாக இருந்தால் பேஸின் விலையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கழற்றிய பழைய பிக்கப்பை ஸ்க்ரூக்களோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். பேஸை விற்கும்போது அதையே திரும்பப் பூட்டிக் கொடுத்துவிட்டு, நல்ல பிக்கப்பை அடுத்த பேஸுக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.